சக்கரம் உருண்டால் எழுத்தின் அளவு ஏன் மாற வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் நாள் முழுவதும் எழுத்தோடு புழங்குபவர்களுக்கு அடிக்கடி நேரும் ஒரு தொல்லையைப் பற்றி எழுதுகிறேன். கணினி பற்றிய செய்திகளில் புதிதாக வந்த வசதிகளே பேசப்படுகின்றன. ஏற்கெனவே வந்துவிட்ட ஒரு வசதி வேண்டாத நேரத்தில் குறுக்கே வந்து நிற்பதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. மெய்ப்புத் திருத்துவது என் தொழில். எழுத்துக் கோப்புகளைத் திருத்த உதவும் நிரலான எடிட்டரில் ஒரு கோப்பைத் திறந்து, மவுஸின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே கீழ்நோக்கிப் படித்துப் போகும்போது, திரையில் உள்ள எழுத்துகள் சட்டென்று சுருங்கிவிடுகின்றன. சில வேளைகளில் ஊதிப் பெருத்துவிடுகின்றன. வரிகளை நகர்த்தத்தான் சக்கரத்தை உருட்டினேன். எழுத்தின் அளவை மாற்று என்று நான் சொன்னதாக அந்த நிரல் எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் கேள்வி.

இது நடக்கும் விதத்தைக் கைகளை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். நீண்ட கோப்பு ஒன்றில் ஓரிடத்தில் உள்ள பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடக்கையின் சுண்டுவிரல் கன்ட்ரோல் விசையின் மேல் இருக்கும். அதே கையின் ஆள்காட்டி விரல் எக்ஸ், சி, வி ஆகிய விசைகளுக்கு மேல் காத்திருக்கும். வலக்கையின் ஆள்காட்டி விரல் மவுஸ் சக்கரத்தின் மேல் இருக்கும். வெட்டினோம், உருட்டினோம், ஒட்டினோம் என்று இரு கைகளும் மாறி மாறி வேலை செய்யும். பழகிய கைகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதில்லை. வெட்டிய பின் சுண்டுவிரல் கன்ட்ரோலை விட்டு எழுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் தாமதமானாலும், ஒட்டுவதற்காக அது அரைக்கணம் முன்னதாக இறங்கினாலும், அந்த இடைவெளியில் உருண்ட சக்கரம் எழுத்தின் அளவை மாற்றிவிடுகிறது. பெரும்பாலான நிரல்களில் கன்ட்ரோலோடு சக்கரத்தை முன்னோக்கி உருட்டினால் எழுத்து பெரிதாகும், நம்மை நோக்கி உருட்டினால் சிறிதாகும். நாம் படிப்பது மேலிருந்து கீழாக. சக்கரத்தை மிகுதியாக உருட்டுவதும் நம்மை நோக்கித்தான். ஆகவே, இந்த விபத்தில் எழுத்து பெரிதாவதைவிடச் சிறிதாவதே அதிகம். தட்டச்சு தெரிந்தவர்களுக்கும் வேகமாக வேலை செய்பவர்களுக்கும்தான் இது மிகுதியாக நேர்கிறது என்பது இதில் உள்ள வேடிக்கை. ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதுபவரை இது அண்டுவதே இல்லை.

ஒரே மூச்சில் ஐந்தாறு படிகள் சுருங்கினால் உடனே தெரிந்துவிடும். ஒரு படி மட்டும் சுருங்கினால்தான் சிக்கல். ஒருமுறை நான் பயன்படுத்தி வந்த எடிட்டரில் எழுத்தின் அளவு இப்படி ஒவ்வொரு படியாக, சில நாள் இடைவெளிகளில் இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திரையை நோக்கி முகத்தை நீட்டத் தொடங்கினேன். மாலையில் கழுத்து வலித்தது. பார்வை மங்குகிறது, கண்ணாடியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். மருத்துவரிடம் நேரம் கேட்பதற்கு முதல் நாள், அதே கோப்பைப் பக்கத்து மேசையில் இருந்தவரின் திரையில் பார்க்க நேர்ந்தது. அங்கே எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. என் திரைக்குத் திரும்பி வந்து, அதுவரை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்திராத, சாளரத்தின் அடியில் உள்ள நிலைப்பட்டையின் வலது ஓரத்தைப் பார்த்தால், 70 சதவீதம் என்று எழுதியிருந்தது. என் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த எண் அவ்வளவு நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஆனால் மாறிய நேரத்தில் அது என் கவனத்துக்கு வரும்படி எதுவும் நடக்கவில்லை.

தமிழ் எழுத்தைச் சிறிதாக்கினால் என்ன ஆகும் என்பதை மெய்ப்புத் திருத்துபவர்கள் நன்கு அறிவார்கள். முதலில் கரைவது புள்ளி. அடுத்து, ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாடு மங்குகிறது. ‘கொள்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘கோள்’ என்று இருந்தாலும் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. காலும் ரகரமும் சில எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. ணகரத்தின் சுழியும் னகரத்தின் சுழியும் எண்ணிப் பார்க்க முடியாதவையாகிவிடுகின்றன. எழுத்தின் அளவு தானாக இறங்கியிருந்த அந்த நாள்களில் நான் பார்த்து அனுப்பிய பக்கங்களில் எத்தனை புள்ளிகள் விடுபட்டுப் போயினவோ, அதை இப்போது கணக்கிட வழியில்லை.

அளவு மாறியதைக் கவனித்துவிட்டால் மட்டும் தொல்லை தீர்ந்துவிடுமா என்றால், அங்கேதான் பெரிய இழப்பே தொடங்குகிறது. தவறு நேர்ந்தால் கன்ட்ரோலோடு இசட் விசையை அழுத்தும் வழக்கம் நம் விரல்களில் ஊறிப்போன ஒன்று. அழுத்தினால் எழுத்து பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அளவு மாற்றம் என்பது கோப்பில் செய்த திருத்தம் இல்லை, பார்வையில் செய்த மாற்றம் மட்டுமே என்பதால், எடிட்டர்கள் அதைத் திரும்பப்பெறும் வரிசையில் சேர்ப்பதில்லை. அதற்குப் பதிலாக, கடைசியாக நாம் கோப்பில் செய்த உண்மையான திருத்தம் திரும்பப்பெறப்படுகிறது. நான் மூன்று முறை அழுத்தியிருக்கிறேன். எழுத்து அப்படியே சிறியதாகவே இருந்தது, நான் சரிசெய்து வைத்திருந்த மூன்று சொற்கள் மட்டும் மீண்டும் பிழையாயின. எழுத்து சிறியதாக இருந்ததால் அவை பிழையானதும் என் கண்ணில் படவில்லை.

சரி, பழைய அளவுக்குத் திரும்ப முறையான விசை எது? இதற்கு ஒரே விடை இல்லை. இணைய உலாவிகளில் கன்ட்ரோலோடு சுழியத்தை அழுத்தினால் 100 சதவீதத்துக்குத் திரும்பும். 1985-இல் விண்டோஸின் முதல் பதிப்போடு வந்த நோட்பேடுக்கு இந்தப் பெரிதாக்கும் வசதி 2018-இல்தான் வந்தது. அங்கும் கன்ட்ரோலும் சுழியமும்தான் மீட்கும் விசைகள். நோட்பேட் பிளஸ் பிளஸ் நிரலில் கன்ட்ரோலோடு எண் பலகையில் உள்ள வகுத்தல் குறியை அழுத்த வேண்டும். பல மடிக்கணினிகளில் தனி எண் பலகையே கிடையாது. உலாவியில் பழகிய அதே சுழியத்தை வேர்டில் அழுத்தினால், எழுத்தின் அளவு மாறாது. பத்திக்கு மேலே 12 பாயின்ட் இடைவெளி சேரும், அல்லது இருந்த இடைவெளி போகும். எக்செலில் அழுத்தினால் தேர்ந்தெடுத்த நெடுவரிசையே மறைந்துவிடும். பார்வையில் ஏற்பட்ட ஒரு பிழையைத் திருத்தப் போய், ஆவணத்திலேயே ஒரு பிழையைச் செய்துவிட்டு எழுகிறோம். நெடுவரிசை எங்கே போயிற்று என்று தேடும் ஒருவருக்கு, மவுஸ் சக்கரம்தான் இதன் தொடக்கம் என்பது எப்படித் தோன்றும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீண்ட வரிகள் திரையின் அகலத்துக்குள் மடிந்து வரும்படி வைத்திருப்பவர்களுக்கு, அளவு மாறியதும் ஒவ்வொரு பத்தியும் வேறு இடத்தில் மடிகிறது. படித்துக்கொண்டிருந்த வரி திரையைவிட்டே போய்விடுகிறது. பழைய அளவுக்கு மீண்டாலும் அதே வரி அதே இடத்தில் வந்து நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. மெய்ப்புத் திருத்துபவருக்கு ‘எங்கே விட்டேன்’ என்பதுதான் எல்லாம்.

இந்த வசதி எப்படி வந்தது என்று பார்த்தால், யாரையும் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. 1993-இல் மைக்ரோசாப்டில் பணியாற்றிய எரிக் மிச்செல்மன் என்பவர், எக்செலின் பெரிய அட்டவணைகளில் மக்கள் இடம் தேடித் தடுமாறுவதைப் பார்த்து, பெரிதாக்கவும் சிறிதாக்கவும் ஒரு நெம்புகோல் இருந்தால் நல்லது என்று எண்ணினார். அந்த எண்ணம்தான் பின்னர் மவுஸின் மேல் உள்ள சக்கரமாக உருமாறி, 1996-இல் இன்டெலிமவுஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. வரிகளை நகர்த்துவது சக்கரத்தின் முதல் வேலையானது. பெரிதாக்குவது கன்ட்ரோல் விசைக்குப் பின்னால் போய் ஒதுங்கியது. அன்றைய நினைவு எக்செலின் அமைப்புகளில் வெகுகாலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோல் இல்லாமலே சக்கரம் பெரிதாக்கும் வேலையைச் செய்யும்படி வைக்கும் ஒரு தெரிவு, அந்த மவுஸின் பெயரைத் தாங்கியே அங்கே இருக்கிறது. ஆயிரக்கணக்கான கட்டங்கள் கொண்ட அட்டவணைக்கும், வரைபடத்துக்கும், ஒளிப்படத்துக்கும் இது அருமையான வசதி என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்கே தள்ளி நின்று பார்ப்பதும் நெருங்கிப் பார்ப்பதும் வேலையின் பகுதிகள். எழுத்துக் கோப்பு அப்படிப்பட்டதன்று. காலையில் ஒருமுறை நமக்கு வசதியான அளவை வைத்துக்கொண்டால், இரவு வரை அதை மாற்றும் தேவை எழுவதில்லை. நாளுக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாத ஒரு செயலை, நாளுக்குப் பல்லாயிரம் முறை தொடும் சக்கரத்தோடும் கன்ட்ரோலோடும் கட்டி வைத்திருப்பதில்தான் கோளாறு இருக்கிறது.

உள்ளே நடப்பதைச் சற்று விளக்கினால், தீர்வும் தெரியும். விண்டோஸில் சக்கரம் ஒரு படி உருண்டால், நிரலுக்கு ஒரு செய்தி போகிறது. அதில் எவ்வளவு உருண்டது என்ற எண் இருக்கும்; ஒரு படிக்கு 120 என்பது வழக்கம். முன்னோக்கி உருட்டினால் நேர் எண், பின்னோக்கி உருட்டினால் எதிர்மறை எண். கூடவே, கன்ட்ரோல், ஷிப்ட் போன்ற விசைகள் அப்போது அழுந்தியிருக்கின்றனவா என்ற குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பு அந்த ஒரு கணத்தைப் பற்றியது மட்டுமே. இருபது படிகள் கன்ட்ரோல் இல்லாமல் உருண்டுவந்து, இருபத்தொன்றாவது படியில் சுண்டுவிரல் இறங்கினால், எளிமையாக எழுதப்பட்ட நிரல் அந்த இருபத்தொன்றாவது படியை ஒரு புதிய கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் எவரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார். ஓடிக்கொண்டிருந்த ஒரே உருட்டலின் தொடர்ச்சி அது என்று உடனே சொல்லிவிடுவார்.

பழைய மவுஸ்களில் விரல் நின்றால் சக்கரமும் நின்றது. இப்போது தடையின்றிச் சுழலும் சக்கரம் கொண்ட மவுஸ்கள் வந்துவிட்டன; ஒரு சுண்டு சுண்டினால், விரலை எடுத்த பிறகும் அது பம்பரம்போல் சுழன்றுகொண்டே இருக்கும். மடிக்கணினிகளின் தொடுபலகைகளிலும், விரலை எடுத்த பின் சிறிது தூரம் தானாக வழுக்கிச் சென்று நிற்கும்படி நகர்த்தலை அமைத்திருக்கிறார்கள். சக்கரம் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே, ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்ததை நகலெடுக்கக் கன்ட்ரோலை அழுத்தினால் போதும். பாதி நொடிக்குள் எழுத்து எறும்பளவு ஆகிவிடும். இதில் பயனர் செய்த தவறு என்று எதைச் சொல்வது? கையோ சக்கரத்தின் மேலேயே இல்லை.

தொடுபலகையில் வேறொரு முடிச்சும் இருக்கிறது. இரண்டு விரல்களை விரித்துப் பெரிதாக்கும் சைகையை, விண்டோஸும் உலாவிகளும் பல நிரல்களுக்குக் கன்ட்ரோலோடு சக்கரத்தை உருட்டியதாகவே மாற்றிச் சொல்கின்றன. பழைய நிரல்களும் அந்தச் சைகையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதனால், இரண்டு விரல்களால் வரிகளை நகர்த்தும்போது விரல்கள் சற்றே விலகினால், விசைப்பலகையைத் தொடாமலே எழுத்தின் அளவு மாறிவிடும். விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த உதவும் ஸ்டிக்கி கீஸ் வசதியைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் கடினம். கன்ட்ரோலை இருமுறை அழுத்தினால் அது பூட்டிக்கொள்ளும், அதன்பின் சக்கரத்தின் ஒவ்வொரு உருட்டலும் அளவு மாற்றமாகவே முடியும். ஒரு குறைபாட்டை ஈடுகட்ட வந்த வசதியும் இன்னொரு வசதியும் முட்டிக்கொள்ளும் இடம் இது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு வாதம் எடை உள்ளது. பார்வைக் குறைவு உள்ளவர்களுக்குச் சக்கரத்தால் எழுத்தைப் பெரிதாக்குவது பேருதவி. விசைகளைத் தேடாமல், பட்டியல்களைத் திறக்காமல், ஓர் அசைவில் அது முடிந்துவிடுகிறது. வலைத்தளங்களின் அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறைகளே எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்க முடிய வேண்டும் என்று கேட்கின்றன. இந்த வசதியை ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், எழுத்து தானாகச் சிறிதாகிவிட்டால் முதலில் பாதிக்கப்படுபவர்களும் அவர்கள்தாம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அளவு இறங்கியதும் மீட்கும் தெரிவு எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தேடுவதற்கு, அந்தப் பட்டியலை முதலில் படிக்க முடிய வேண்டுமல்லவா?

இந்த விபத்தைத் தடுப்பது ஆகாத காரியம் என்றும் சொல்ல முடியாது. விஷுவல் ஸ்டூடியோ கோட் எடிட்டரில் சக்கரத்தால் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி தொடக்கத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. வேண்டியவர்கள் அமைப்புகளில் போய் இயக்கிக்கொள்ளலாம். இன்டெல்லிஜே எடிட்டரின் பொது அமைப்புகளில் இதற்கென்றே ஒரு தேர்வுப் பெட்டி இருக்கிறது. பயர்பாக்ஸின் உள் அமைப்புப் பக்கத்தில் கன்ட்ரோலோடு சக்கரம் உருண்டால் என்ன செய்வது என்பதற்கு ஓர் எண் இருக்கிறது; 3 என்றால் பெரிதாக்கும், 1 என்று மாற்றினால் வெறுமனே நகரும். சப்லைம் டெக்ஸ்ட் என்ற எடிட்டரில் தனியாக ஒரு கோப்பு எழுதி அந்த உருட்டலுக்கு வேலை இல்லாமல் செய்ய வேண்டும். அங்கே தவறுதலாக மாறிய அளவு பயனரின் அமைப்புக் கோப்பிலேயே பதிந்துவிடுவதால், மூடித் திறந்தாலும் அது போகாது. ஈமேக்ஸ் என்ற எடிட்டர் சக்கரத்தால் அளவை மாற்றும் வழக்கத்துக்கு வந்தது 2020-இல் வெளியான 27-ஆம் பதிப்பில்தான். அதை நீக்க இரண்டு வரி எழுதினால் போதும் என்பார்கள். இரண்டு வரி எழுதத் தெரிந்தவர்களுக்கு எப்போதும் வழி இருக்கிறது. எனக்குத் தெரிந்த பெரும்பாலான மெய்ப்புத் திருத்துநர்கள் அந்த இரண்டு வரியை எங்கே எழுதுவது என்று அறியாதவர்கள்.

நிரல்களை உருவாக்குபவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உருட்டல் தொடங்கிய கணத்தில் கன்ட்ரோல் அழுந்தியிருந்தால் மட்டுமே அதைப் பெரிதாக்கும் கட்டளையாகக் கொள்ள வேண்டும். நடுவில் அழுந்தினால், சக்கரம் ஒருமுறை நின்று மீண்டும் உருளும் வரை அதைப் பொருட்படுத்தக் கூடாது. இதற்குத் தேவை ஒரு சிறு நினைவு மட்டுமே. முந்தைய படி எப்போது உருண்டது, அப்போது விசை எந்த நிலையில் இருந்தது என்பதை நிரல் வைத்துக்கொண்டால் போதும். இணையப் பக்கங்களில் பதித்து வரும் கூகுள் வரைபடங்கள் பலவற்றில் இதற்கு நேர்மாறான சிக்கலை வேறொரு வழியில் தீர்த்தார்கள். பக்கத்தை நகர்த்த உருட்டிய சக்கரம் வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது. இப்போது அங்கே உருட்டினால் பக்கம் நகர்கிறது, பெரிதாக்க வேண்டுமானால் கன்ட்ரோலையும் சேர்த்து அழுத்துங்கள் என்று ஒரு குறிப்பு வரைபடத்தின் மேலேயே தோன்றி மறைகிறது. எடிட்டர்களிலும் அளவு மாறும்போது அப்படியொரு குறிப்பு, எழுதிக்கொண்டிருக்கும் இடத்துக்கு அருகிலேயே, பழைய அளவுக்குத் திரும்பும் பொத்தானோடு சில நொடிகள் தோன்றலாம். அப்படி ஒன்று இருந்திருந்தால் நான் கண் மருத்துவரைத் தேட எண்ணியிருக்க மாட்டேன்.

அதுவரை, கணினி கற்றுக்கொடுப்பவர்கள் முதல் வாரத்திலேயே மாணவர்களுக்கு நிலைப்பட்டையின் ஓரத்தில் உள்ள அந்தச் சதவீத எண்ணைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் கன்ட்ரோல் இசட்டை நோக்கி விரல் போவதற்கு முன் கண் அங்கே போகட்டும். தங்கள் நாளிதழின் பக்கங்களை வடிவமைப்பவர்களும் மெய்ப்புப் பார்ப்பவர்களும் இந்தக் கடிதத்தைப் படித்ததும் தங்கள் திரையின் அந்த ஓரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டால் மகிழ்வேன். 100 என்று இல்லாமல் 90 என்று இருந்தால், அதை அவர்கள் வைத்தார்களா, சக்கரம் வைத்ததா என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் வாசகர் ஒருவர்